பஸ்ஸக்கா பாதியில் விட்ட பாடங்கள்

அந்தக் கல்லூரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு தடவை பெயர் காதில் விழும், மற்றபடி பஸ்ஸக்காதான். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, ஓட்டுநர் சட்டையைக்கூட மாற்றாமல், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வகுப்புக்குள் நுழைவாள். அந்தச் சத்தம் கேட்டதும் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடப்பவன், ஆசிரியர் வந்துவிட்டாரோ என்று பதறி நிமிர்வான். "தூங்குடா கண்ணு, நான்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்காருவாள். வகுப்பில் பாதிப் பேருக்கு அவள் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூடுதல்.

நாற்பது வயதுக்கு மேல் படிப்பு ஆசை வந்ததற்கு ஒரு ஜன்னல்தான் காரணம். பள்ளியில் அவள் பேருந்தை நிறுத்தும் இடத்துக்கு நேர் எதிரே ஓர் அறை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண் வந்து, பேச்சு சரியாக வராத பிள்ளைகளை அங்கே உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பாள். காகிதத் துண்டை ஊதச் சொல்வாள், கண்ணாடியைப் பார்த்து நாக்கை நீட்டச் சொல்வாள், தவளை மாதிரி கத்தச் சொல்வாள். பள்ளி விடும்வரை காத்திருக்கும் நேரத்தில் பஸ்ஸக்கா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் பேருந்தில் ஊமை மாதிரி ஏறி ஊமை மாதிரி இறங்கும் பிள்ளைகள் அந்த அறையில் வாய் திறப்பதைக் கண்டு அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். ஒரு நாள் துணிந்து இறங்கிப் போய், "இதுக்கு என்னங்க படிக்கணும்?" என்று கேட்டுவிட்டாள். முழுப் படிப்பு நீளம். உதவியாளராக வர ஒரு பட்டயப் படிப்பு போதும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "நான் இருபது வருஷமா மேலயும் கீழயும் போயிட்டு இருக்கேன், ஆனா ஒரு இஞ்ச் முன்னேறல. நீயாவது நேரா போ" என்றார்.

கல்விக் கட்டணத்தை உதவித்தொகை பார்த்துக்கொண்டது. அதற்கு மூன்று நிபந்தனைகள். மதிப்பெண் சராசரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. எடுத்த பாடங்களில் மூன்றில் இரண்டு பங்கையாவது முடித்துக் காட்ட வேண்டும். மொத்தப் படிப்பையும் அதற்கு உரிய காலத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் முடித்துவிட வேண்டும். சேர்ந்த அன்று இதையெல்லாம் யாரோ சொன்னார்கள், அவளும் தலையாட்டினாள். கல்யாணத்தன்று சொல்லும் புத்திமதியை எந்தப் பெண்தான் காதில் வாங்குகிறாள்?

முதல் வருஷம் எல்லாவற்றிலும் தேறினாள். இரண்டாவது வருஷம் தொடங்கும்போது, யாரும் எதிர்பார்க்காத வகையில், அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது.

மகள் அப்போது பள்ளியில் மேல் வகுப்பு. தோளுக்கு மேல் வளர்ந்த பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் கூச்சம். வயதைக் காட்டி டாக்டரும் கொஞ்சம் பயமுறுத்தியிருந்தாள். "கொஞ்ச நாள் போகட்டும், நல்லபடியா நின்னதும் சொல்லிக்கலாம்" என்று முடிவு செய்தார்கள். ஆனால் மெக்கானிக்கின் கை சும்மா இருக்கவில்லை. மகள் இல்லாத நேரம் பார்த்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு படுக்கையறை மூலையை அளப்பார். அலமாரியை இந்தப் பக்கம் நகர்த்தினால் தொட்டில் கொள்ளும் என்பார். மறுநாள், இல்லை, அந்தப் பக்கம்தான் காற்று வரும் என்பார். "பொறக்கறதுக்குள்ள வீட்டையே சுத்திடுவீங்க போல" என்று அவள் சிரிப்பாள்.

ஐந்தாம் மாதப் பரிசோதனையில், ஸ்கேன் படம் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். அந்த நிமிஷமே பஸ்ஸக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

மகளிடம் வயிற்றில் கட்டி, சின்ன ஆபரேஷன் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சில வாரங்களுக்குச் சோறு தண்ணீர்கூட வேண்டியிருக்கவில்லை. விடுப்பு முடிந்து பேருந்துக்குத் திரும்பினாள். வயிற்றுப்பாடு, வேறு வழியில்லை. கல்லூரிக்கு மட்டும் போக முடியவில்லை. அந்த மாதம் வகுப்பில், பிறந்த குழந்தைகள் ஒலி எழுப்பக் கற்றுக்கொள்வது பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சுப் பெண் போனில் யோசனை சொன்னாள்: "அக்கா, பரீட்சை எழுதி ஃபெயில் ஆனீங்கன்னா அது கறை. இப்பவே விட்டுட்டீங்கன்னா வெறும் வெள்ளைத்தாள். விட்டுடுங்க." நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்தப் பருவத்துப் பாடங்கள் அத்தனையையும் விட்டாள்.

வெள்ளைத்தாளுக்கும் கணக்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பாதியில் விட்ட பாடமும் எடுத்த பாடமாகவே எண்ணப்படும். முடித்ததில் மட்டும் சேராது. முன்னேற்றம் போதவில்லை, அடுத்த பருவத்தில் சரிசெய்து கொள்ளவும் என்று கல்லூரியிலிருந்து எச்சரிக்கை வந்தது. விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் பிடித்துவிடலாம் என்று வழக்கத்தைவிட ஒன்று கூடுதலாக எடுத்தாள். காலில் கட்டுப்போட்டவள் ஓட்டப்பந்தயத்தில் இறங்கிய கதைதான். பாதியில் தேறினாள், பாதியில் விழுந்தாள். புள்ளியியலில் விழுந்த விதம் அந்தப் பாட ஆசிரியருக்கே சங்கடமாக இருந்தது.

உதவித்தொகை நின்றுபோனது.

மேல்முறையீடு செய்யலாம் என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது, இரண்டையும் சொல்லி ஆதாரம் காட்ட வேண்டும். மதியம் இரண்டு நடைக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவன் சின்ன வயசுக்காரன். கழுத்தில் அடையாள அட்டை, மேசையில் பாதி குடித்த டீ, அவளுக்குப் பின்னால் நீள வரிசை.

"காரணம் என்னங்க மேடம்?" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னாள். "வீட்ல ஒரு இறப்பு, சார்."

"யாரு? அப்பாவா, அம்மாவா?"

"இல்ல."

"நெருங்கின சொந்தம்னாதான் ஏத்துக்குவாங்க, அதான் கேக்கறேன்."

"நெருங்கினதுதான்."

"சரி, இறப்புச் சான்றிதழ் ஒரு நகல் வேணும். இறந்தவங்க பேர் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

அவள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பேர் வைக்கல" என்றாள்.

அவன் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. இரண்டு மூச்சு கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது. அவன் நிமிர்வதற்குள், "வேணாம் சார், விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வரிசையைத் தாண்டி வெளியே போய்விட்டாள். "மேடம், மேடம்" என்று அவன் கூப்பிட்டது படியிறங்கும்வரை கேட்டது.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னாள், படிப்பு போதும் என்று.

"பணம்தானே? நான் ஓவர்டைம் பாக்கறேன்."

"பணம் இல்லீங்க." கத்தியைக் கீழே வைத்தாள். "அதைச் சொல்லி நான் உதவி கேக்கணுமா? நமக்கு நடந்ததக் கொண்டுபோய் ஒரு கவுண்டர்ல நீட்டி, இதுக்கு எவ்வளவு குடுப்பீங்கன்னு நிக்கணுமா? எனக்கு அது அந்தப் பிள்ளைய விக்கற மாதிரி இருக்குங்க."

அவர் அவளிடமிருந்து வெங்காயத்தை வாங்கித் தான் நறுக்க ஆரம்பித்தார். பெரிய பெரிய துண்டாக விழுந்தது. பிறகு சொன்னார்: "நீ ஆஸ்பத்திரில இருந்து வந்த மறுநாள் நான் வேலைக்குப் போனேன்ல. ஒரு ஆபீஸ் கட்டடம். லிஃப்ட் கூண்டு மேல ஏறி நின்னு கம்பிக்கு கிரீஸ் போடணும். ஏறினேன். ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டு அப்படியே உக்காந்துட்டேன். இருட்டு. யாருக்கும் தெரியாது. நல்லா அழுதேன். கீழ வந்தா, ஏன் இவ்வளவு நேரம்னு அந்த மேனேஜர் கேக்கறான். ஒயர்ல கோளாறுன்னேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க."

"நீயும்தான் யார்கிட்டயும் சொல்லல." அவர் கண்ணைத் துடைத்தார், வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளவும் இடம் இருந்தது. "இப்படி ஒரு பிள்ள இருந்துச்சுன்னு இந்த ஊர்ல நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மூணாவதா ஒருத்தருக்குத் தெரிஞ்சா அது ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. விக்கறதுன்னு ஏன் நெனைக்கற? இருந்துச்சுன்னு சொல்றோம், அவ்வளவுதான்."

அவளுக்கு அந்தப் பேச்சு உள்ளே இறங்கச் சில நாள் பிடித்தது. இறங்கிய பிறகு ஒன்று மட்டும் தெளிவாகப் பட்டது: மூன்றாவது ஆள் என்று ஒருவர் இருந்தால் அது கவுண்டர்ப் பையனாக இருக்கக் கூடாது.

சனிக்கிழமைகளில் பேருந்தைக் கூட்டிக் கழுவ மகள் கூட வருவாள். பணிமனையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். வெயில் தகரக் கூரையில் அடித்து உள்ளே அனலாக இருக்கும். இருக்கைக்கு அடியிலிருந்து மகள் ஒற்றைச் சாக்ஸ் ஒன்றை இழுத்துப் போட்டு, "இந்தக் குழந்தைங்க வீட்டுக்கு ஒத்தக் கால்லயா போகுதுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது பஸ்ஸக்கா சொன்னாள். "அன்னைக்கு எனக்கு வந்தது கட்டி இல்லடி." அங்கிருந்து எல்லாவற்றையும் சொன்னாள், அளவு நாடா வரை.

மகள் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சின்னப் பிள்ளைகள் உட்காரும் இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள்.

"தம்பியாம்மா, தங்கச்சியா?"

"தங்கச்சி."

மகள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீ படுத்தே கிடந்தப்ப, என் யூனிஃபார்ம் துவைக்கலன்னு ஒரு நாள் கத்தினேன்மா. சோம்பேறின்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"அப்படியா சொன்ன? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள் அம்மா. அந்தச் சொல் விழுந்த கிழமைகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. மகளின் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுது முடித்து, மீதிப் பேருந்தையும் கூட்டி முடித்து, வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அந்த ஆபீசுக்கு எப்பம்மா போற? நானும் வர்றேன்."

போனார்கள். அவளைக் கண்டதும் கவுண்டர்ப் பையன் எழுந்த வேகத்தில் பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் வரிசையை ஒப்படைத்துவிட்டு அவளை உள்ளறைக்கு அழைத்துப் போனான். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"உக்காருங்கக்கா. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உங்களத் தேடினேன். நம்பர் இருந்துச்சு, ஆனா போன் பண்ணி என்ன சொல்றதுன்னு தெரியல."

மேடம் அக்காவானதைக் கவனித்தாள். சாரைத் தம்பியாக்க அவளுக்கும் சிரமம் இருக்கவில்லை. "கேக்கறது உங்க வேலை தம்பி. நான்தான் பதில் இல்லாம வந்துட்டேன்."

சான்றிதழ் எதுவும் தேவையில்லை என்றான். அந்தத் தேதிகளில் சிகிச்சையில் இருந்தாள் என்று ஆஸ்பத்திரி தரும் ஒரு சீட்டு போதும். என்ன சிகிச்சை என்று யாரும் துருவ மாட்டார்கள். காரணத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளலாம். "குழு முக்கியமா பாக்கறது ரெண்டாவது கேள்வியத்தான். இப்ப என்ன மாறியிருக்கு?"

அவள் யோசித்தாள். "பொய் சொல்லக் கூடாதுல்ல? வலி அப்படியேதான் தம்பி இருக்கு. ஆனா வீட்ல இப்ப எல்லாருக்கும் தெரியும். ராத்திரி தூக்கம் வருது." பிறகு, "அதுக்கப்புறம் அத்தனை பாடத்த எடுத்தேன் பாருங்க, அது என் மடத்தனம். சிவப்பு விளக்கப் பாத்துட்டு ஆக்ஸிலேட்டர மிதிச்சவ நான். வண்டி ஓட்டறவ செய்யற வேலையா அது?" என்றாள்.

பையன் சிரித்துவிட்டான். "இதை அப்படியே எழுதுங்கக்கா."

"ஆக்ஸிலேட்டரயுமா?"

"அதையும்தான். திட்டம் என்னன்னும் சேத்து எழுதணும்."

திட்டத்தை இருவரும் அங்கேயே போட்டார்கள். இனிப் பருவத்துக்கு இரண்டே பாடம். புள்ளியியலைத் திரும்ப எடுக்க வேண்டும், கல்லூரியின் இலவசப் பயிற்சி வகுப்போடு. எடுத்த ஒவ்வொன்றிலும் தேற வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் உதவி மறுபடி நின்றுவிடும். இந்த வேகத்தில் போனால் ஒன்றரை மடங்குக் கெடு தாண்டிவிடாதா என்று அவள் கேட்டாள். அவன் கூட்டிப் பார்த்து, "கெடு முடியற பருவத்துலயே முடிப்பீங்க. ஆனா இடையில ஒண்ணக்கூட விட முடியாது" என்றான்.

குழு ஏற்றுக்கொண்டது. செய்தி வந்தபோது பேருந்து நிறையப் பிள்ளைகள். வண்டியை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு அவள் படித்தாள். பின்னாலிருந்து ஒரு வாண்டு, "பஸ் ஆன்ட்டி, ஏன் சிரிக்கறீங்க?" என்று கேட்டது. "நான் பெயிலானதத் திரும்ப எழுதலாம்னு சொல்லிட்டாங்கடா" என்றாள். வண்டியே கைதட்டியது. அவர்களில் பலருக்கு அதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது.

புள்ளியியல் அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாணவன் அவளுக்குப் புரியும் வழியைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டான். மகளும் மல்லுக்கட்டினாள். "அம்மா, சராசரின்னா என்ன?" "எல்லாரும் சுமாரா இருக்கறது." "சரி, திட்ட விலக்கம்?" "சுமாரா இல்லாதவங்க எவ்வளவு தூரத்துல நிக்கறாங்கங்கறது." "அம்மா, நீ தேறிடுவ" என்று மகள் ஒரு நாள் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். தேறினாள். மதிப்பெண் கரையைத் தொட்டு நின்றது, அவ்வளவுதான். அன்று மெக்கானிக் வீட்டுக்கு வரும்போது ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். பாதி வழியிலேயே உருகிவிட்டதால் மூவரும் டம்ளரில் ஊற்றிக் குடித்தார்கள்.

அதற்குப் பிறகும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடிவிடவில்லை. ஒரு பருவத்தில் வழித்தடம் மாறி வகுப்பு நேரம் இடித்தது; கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு ஓட்டுநரோடு நடையை மாற்றிக்கொண்டாள். குழந்தை ஒலிப் பாடத்தைத் திரும்ப எடுத்தபோது முதல் வாரம் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றாள். இரண்டாவது வாரம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் மகளும் அதே கல்லூரியில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே நிபந்தனைகளை மூன்று தடவை சொல்லிக்காட்ட வைத்துத்தான் அம்மா அவளை வகுப்புக்கு விட்டாள். கவுண்டர்த் தம்பிக்கும் கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்தது. போனில் படம் காட்டினான், கொஞ்சம் தயங்கி. அவள் போனை வாங்கி நிதானமாகப் பார்த்து, "மூக்கு உங்கள மாதிரியே சப்பை. கண்ணு நல்லா இருக்கு, அம்மா ஜாடை போல" என்றாள்.

கெடு முடியும் பருவத்திலேயே முடித்தாள். இன்று அவள் இரண்டு பள்ளிகளில் பேச்சுப் பயிற்சி உதவியாளர்.

அவளிடம் முதலில் வந்தவன் நான்கு வயதுப் பையன். அவனுக்கு 'க' வராது. 'க' இருக்கும் இடமெல்லாம் 'த' என்று விழும். காக்காவைப் பார்த்தால் "தாத்தா, தாத்தா" என்று கத்துவான். பள்ளிக்கு அழைத்து வரும் தாத்தா, தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று ஓடி வருவார். பஸ்ஸக்கா அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, நாக்கைப் பின்னால் இழுக்கப் பழக்கி, இருமச் சொல்லி, கொக்கரிக்கச் சொல்லி, அவனோடு தானும் தரையில் படுத்துக் கொக்கரித்தாள். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலை, ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்து அவன் தெளிவாக, அழுத்தமாக, "காக்கா" என்றான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே பெரியவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். புதுச் சொல் கிடைத்த சந்தோஷத்தில் பையன் அவரைக் கட்டிப்பிடித்து, அவரையும் "காக்கா!" என்றான்.

பெரியவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

"அப்படித்தாங்க ஆரம்பிக்கும்" என்றாள் பஸ்ஸக்கா, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. "கொஞ்ச நாளைக்கு நீங்க காக்காதான். பொறுத்துக்கங்க."